பாட்டு ரசிகர்களா? பாட்டுப் பக்தர்களா?

நம் வாலிபர்களுக்குள் சில காலமாக ஒரு புதுச் சண்டை வலுத்து வருகின்றது. அது சோற்றுக்கான சண்டையல்ல, கூலிக்கான சண்டையல்ல, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் பொதுத் தெருவில் நடக்கவுமான உரிமைச் சண்டையுமல்ல. எந்தப் பாட்டுக் கோஷ்டி பெரியது, எந்தப் பாடகன் ஒப்பற்றவன், எந்த இசைத்தட்டு உயர்ந்தது என்கின்ற சண்டையாகும். டீக்கடையிலும், கல்லூரி விடுதியிலும், கைப்பேசியிலுமாக இது இரவு பகல் நடக்கின்றது. ஒருவன், "எங்கள் ஆளைப்போல் உலகத்தில் பிறந்ததுமில்லை, பிறக்கப் போவதுமில்லை" என்கிறான். மற்றொருவன், "உன் ஆள் எங்கள் ஆளின் கால் தூசிக்கு ஆவானா?" என்கிறான். காஞ்சிபுரத்துக் கோவில் யானைக்கு வடகலை நாமம் போடுவதா, தென்கலை நாமம் போடுவதா என்று வழக்காடினவர்களைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். யானைக்கு எந்த நாமமும் வேண்டியதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சிரிக்கின்ற நம் பிள்ளைகளே நெற்றியில் நாமமில்லாமல் அதே வழக்கைப் பாட்டின் பேரால் ஆடுவார்களானால், அதைப்பற்றிப் பேசாமலிருப்பது நம் வேலையைச் செய்யாமலிருப்பதேயாகும்.

இதைப் படித்தவுடன் சிலர், "இந்தச் சுயமரியாதைக்காரர்களுக்குக் கோவில்தான் பிடிக்காது என்றிருந்தோம், இப்பொழுது பாட்டும் பிடிக்காமல் போய்விட்டதா?" என்று கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லுவதாவது: பாட்டின்மேல் நமக்கு யாதொரு விரோதமுமில்லை. நாள் முழுதும் உழைத்தவன் சாயங்காலம் ஒரு பாட்டுக் கேட்டு மனம் தெளிவதை யார் குறை சொல்ல முடியும்? அது தமிழ்ப் பாட்டாயிருந்தாலும், இங்கிலீஷ் பாட்டாயிருந்தாலும், கொரியாப் பாட்டாயிருந்தாலும் சரியே. பாட்டுக் கேட்பவன் அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்லுவதும், நாலு பேருடன் வாதாடுவதும் நல்ல காரியமே. நமது ஆட்சேபணையெல்லாம் அபிப்பிராயம் என்னும் பேரை வைத்துக்கொண்டு பக்தி செய்வதைப் பற்றியதேயாகும்.

அபிப்பிராயம் எது, பக்தி எது?

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகின்றவன் அதைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கிறான். சொத்தை இருந்தால் கீழே போடுகிறான். மாடு வாங்குகின்றவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நடக்க விட்டும் பார்க்கிறான். எந்தத் தோட்டத்துக் காய், எந்தப் பண்ணையாரின் மாடு என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டு வாங்கிப் போவதில்லை. பார்த்து, சோதித்து, காரணம் சொல்லக் கூடியதாயிருப்பது எதுவோ அதுவே அபிப்பிராயமாகும்.

ஆனால் பாட்டு ரசிகன் என்பவனைக் கேட்டுப் பாருங்கள்.

"இந்தப் புது இசைத்தட்டு எப்படி இருக்கின்றது?"

"பிரமாதம். உலகத்திலேயே இதுதான் முதல்தரம்."

"கேட்டாயா?"

"இன்னும் வெளிவரவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமைதான் வருகின்றது."

இது வேடிக்கைக்காகச் சொல்லுவதல்ல. வெளிவராத தட்டுக்கு வெற்றி முழக்கம் செய்கின்றவர்களும், கேளாத பாட்டைக் குப்பையென்று தூற்றுகின்றவர்களும் நாடெங்கும் இருக்கின்றார்கள். தன் ஆள் பாடினால் அபசுரமும் புதுமை. எதிரி ஆள் பாடினால் நல்ல சுரமும் திருட்டு. காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டியதைப் பேரைக் கேட்டு முடிவு செய்தால், அவனுக்குக் காது எதற்கு? வேதம் சொல்லிற்று என்று கேட்டவனுக்கும், மூளையைப் பொறுத்தமட்டில், இவனுக்கும் என்ன வித்தியாசம்?

இயேசுவும் நான்கு வாலிபர்களும்

இந்தப் பக்தி நம் நாட்டிலே மட்டும் உள்ள நோயல்ல. மேல்நாடு என்றால் எல்லாம் அறிவு என்று எண்ணுகின்றவர்கள், இங்கிலாந்து தேசத்துப் பீட்டில்ஸ் என்னும் நால்வர் கோஷ்டியின் கதையைக் கவனிக்க வேண்டும்.

1966ஆம் வருஷம் மார்ச்சு மாதம், அந்த நால்வரில் ஒருவரான ஜான் லெனன், லண்டன் பத்திரிகை ஒன்றின் நிருபரிடம் பேசும்போது, கிறிஸ்தவ மதம் தேய்ந்து மறைந்து போகும் என்றும், இன்று இயேசுவைவிடத் தாங்களே ஜனங்களுக்குள் அதிகப் பிரபலம் என்றும் சொன்னார். இங்கிலாந்தில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. நாலு மாதம் கழித்து அமெரிக்காவில் வாலிபர் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போட்டவுடன் தென் மாகாணங்களில் தீப்பிடித்துக் கொண்டது. ரேடியோ நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. வாலிபர்களும் சிறுவர்களும் தங்கள் தட்டுகளைக் கொண்டுவந்து குவித்துக் கொளுத்தினார்கள். கறுப்பு மக்களைக் கொல்லுவதையே தொழிலாகக் கொண்ட கூ க்ளக்ஸ் கிளான் கூட்டமும் மதத்தைக் காப்பாற்றக் கிளம்பிற்று. கடைசியில் ஆகஸ்டு 11ந்தேதி சிக்காகோ நகரத்தில் லெனன் பத்திரிகைக்காரர்கள் முன் உட்கார்ந்து வருத்தம் தெரிவித்துக் கொள்ள நேர்ந்தது.

இதில் நாம் கேட்பது ஒன்றே. நேற்றுவரை தலைமேல் வைத்துக்கொண்டாடிய தட்டு, இன்று நெருப்பில் போட வேண்டியதானது எப்படி? பாட்டு மாறிற்றா? ஒரு சுரமாவது குறைந்ததா? ஒன்றுமில்லை. நேற்றுக் கொண்டாடினதும் பாட்டுக்காக அல்ல, இன்று கொளுத்தினதும் பாட்டுக்காக அல்ல என்பதுதானே இதன் அர்த்தம்?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். டெக்ஸஸ் மாகாணத்து லாங்வியூ ஊரின் ரேடியோ நிலையம் ஆகஸ்டு 13ந்தேதி தட்டுகளைக் கொளுத்தும் திருவிழா நடத்திற்று. மறுநாள் அந்த நிலையத்துக் கோபுரத்தின் மேலேயே இடி விழுந்தது! அந்த இடி லெனன் வீட்டின் மேல் விழுந்திருக்குமானால், இன்றைக்கும் பாதிரிமார் அதைப் பிரசங்கம் செய்து கொண்டிருப்பார்கள். நாமோ, இயேசுவின் கோபம் என்றும் சொல்லமாட்டோம். லெனனின் சாபம் என்றும் சொல்லமாட்டோம். உயரமான இரும்புக் கோபுரத்தில் இடி விழுவது இயற்கை என்பதோடு நிறுத்திக் கொள்ளுவோம்.

மதக்காரர்கள்தான் இப்படி, ரசிகர்கள் அப்படியல்ல என்று சொல்லவும் வழியில்லை. அதே 1966ஆம் வருஷம் மே மாதம் 17ந்தேதி, மான்செஸ்டர் நகரத்தில் பாப் டைலன் மின்சாரக் கிட்டாருடன் பாடியபோது, கூட்டத்திலிருந்து ஒரு ரசிகர் "யூதாஸ்!" என்று கத்தினார். இயேசுவைக் காட்டிக் கொடுத்தவன் பேர் அது. பழைய மரக் கிட்டாரே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல அவருக்குப் பூரண உரிமை உண்டு. அது அபிப்பிராயம். ஆனால் ஒருவன் வாத்தியத்தை மாற்றினதற்கு ஆண்டவனைக் காட்டிக் கொடுத்தவன் என்று பட்டம் கொடுப்பது என்ன நியாயம்? பாடகன் தன் கடவுளாயிருக்க வேண்டும், தான் நினைத்தபடி ஆடுகின்ற கடவுளாயுமிருக்க வேண்டும் என்பதல்லவா இதன் கருத்து?

இந்த வெறியின் கடைசிப் படி 1980ஆம் வருஷம் டிசம்பர் 8ந்தேதி நியூயார்க்கில் தெரிந்தது. முன்னாள் பக்தன் ஒருவன் சாயங்காலம் லெனனிடம் இசைத்தட்டின்மேல் கையெழுத்து வாங்கினான். இரவு அதே வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றான். கடவுளாக்கப்பட்ட மனிதன் மனிதனாக இருக்கக் கண்டால் பக்தனுக்குப் பொறுப்பதில்லை.

நம் கண்முன்னே பிறந்த புராணங்கள்

"ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஜனங்கள் நம்புகிறார்களே, ஆதாரமில்லாமலா புராணம் எழுதியிருப்பார்கள்?" என்று நம்மைக் கேட்கின்ற பண்டிதர்கள் உண்டு. புராணம் எப்படிப் பிறக்கின்றது என்பதைக் கண்ணால் காண வேண்டுமானால் பாட்டு ரசிகர்களிடம் போக வேண்டும்.

பீட்டில்ஸ் நால்வரில் பால் மக்கார்ட்னி 1966இலேயே மோட்டார் விபத்தில் இறந்துவிட்டார், அவரைப்போன்ற வேறொருவனை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று 1969இல் அமெரிக்க வாலிபர்களுக்குள் ஒரு வதந்தி கிளம்பிற்று. ஆதாரம் என்ன? "அபி ரோடு" என்னும் தட்டின் அட்டைப் படத்தில் நால்வரும் தெருவைக் கடக்கிறார்கள், அவர் மட்டும் செருப்பில்லாமல் நடக்கிறார், ஆகவே பிணம்! பின்னால் நிற்கும் காரின் பலகையில் 28 என்று இருக்கின்றது. ஆகவே உயிரோடிருந்தால் அந்த வயது! உண்மையில் அன்று அவருக்கு வயது 27. கணக்கும் தப்பு. கணக்குத் தப்பினவுடன், "கருவிலிருந்த மாதங்களையும் சேர்த்து எண்ணவேண்டும்" என்று வியாக்கியானம் வந்தது! நம் சாஸ்திரிகள் தோற்றார்கள் போங்கள். இப்படி 1966இல் "செத்த" அந்த மனிதர், தமக்கு 80 வயது நிறைந்த ஒரு வாரத்துக்குள், 2022 ஜூன் மாதம், கிளாஸ்டன்பரி விழாவில் பெருங்கூட்டத்துக்கு முன் நின்று பாடினார். மூன்று வருஷத்துக்குள் உயிரோடிருக்கும் ஒருவனைச் சாகடித்துச் சான்றும் காட்ட முடியுமானால், மூவாயிரம் வருஷத்தில் எத்தனை பேரை வானத்துக்கு அனுப்பியிருக்க முடியாது?

மற்றொரு புராணம் 27 என்னும் எண்ணைப் பற்றியது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் (1970), ஜிம் மாரிசன் (1971), கர்ட் கோபேன் (1994), ஏமி வைன்ஹவுஸ் (2011) ஆகியவர்கள் 27 வயதில் இறந்தார்கள். ஆகவே பெரிய பாடகர்களை அந்த வயதில் ஏதோ ஒரு சக்தி கொண்டு போகின்றது என்கிறார்கள். 22 வயதில் இறந்த பட்டி ஹாலியையும், 26 வயதில் இறந்த ஓட்டிஸ் ரெட்டிங்கையும், 25 வயதில் சுடப்பட்டு இறந்த டுபாக்கையும் இவர்கள் எண்ணுவதில்லை. பலித்த ஜோசியத்தைச் சொல்லிப் பலிக்காததை மறைக்கும் வள்ளுவக் குறிக்காரன் வித்தை இதுவே. 2011இல் பிரிட்டிஷ் வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கணக்குப் பார்த்து வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் முதலிடம் பெற்ற தட்டுகளின் பாடகர் 1,046 பேரை எடுத்துப் பார்த்ததில், 27 வயதில் விசேஷமான மரணம் ஒன்றுமில்லை. ஆனால் இருபது, முப்பது வயதுகளில் அவர்கள் சாகும் விகிதம் மற்ற ஜனங்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்று தெரிந்தது.

இதிலுள்ள அக்கிரமத்தைக் கவனியுங்கள். புகழும் பணமும் வந்த வாலிபர்களை லாகிரி வஸ்துக்களும், குடியும், ஓய்வில்லாத வேலையும், மனநோயும் அழிக்கின்றன. அவற்றுக்கு வைத்தியம் உண்டு. தடுக்க வழியும் உண்டு. எண்ணின்மேல் பழியைப் போட்டுவிட்டால் வைத்தியமெதற்கு? தலையெழுத்து என்று சொல்லிக் குழந்தையைச் சாகவிடுகின்ற அதே புத்தி கிட்டாரைப் பிடித்துக்கொண்டு வந்தால் நாகரிகமாகிவிடுமா?

இன்னும் பழைய கதை ஒன்றுண்டு. மிசிசிபி மாகாணத்துக் கறுப்புப் பாடகர் ராபர்ட் ஜான்சன், நடுராத்திரி நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தையை வாங்கினார் என்று ரசிகர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். உண்மை என்ன? வயதில் பெரிய வாசிப்புக்காரர் ஒருவரிடம் அவர் போய்ப் பழகினார். யாருக்கும் தொந்தரவில்லாமல் வாசிக்க இடம் வேண்டுமென்று இரவில் இடுகாட்டில் உட்கார்ந்து பழகினார்கள் என்று அந்தப் பெரியவர் வீட்டாரே சொல்லியிருக்கிறார்கள். இடுகாட்டில் பேய் கற்றுக்கொடுக்கவில்லை. ஏழைக்கு வேறு இடமில்லை, அவ்வளவுதான். 1936, 1937 இரண்டு வருஷங்களில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938இல் அவர் இறந்துபோனார்.

இங்கே சம்பந்தருக்குப் பார்வதி பால் கொடுத்ததால் பாட்டு வந்தது என்கிறார்கள். காளிதாசனுக்குக் காளி அருளால் கவி வந்தது என்கிறார்கள். அங்கே கறுப்பனுக்குச் சாத்தான் கொடுத்தான் என்கிறார்கள். உயர்ந்தவன் என்றால் தேவியின் பால். தாழ்த்தப்பட்டவன் என்றால் பேயின் வியாபாரம்! இரண்டிலும் மறைக்கப்படுவது மனிதனுடைய உழைப்பேயாகும். ஒருவன் விரல் தேயப் பழகிய வித்தையை அருள் என்று சொல்லுவது அவனைப் புகழ்வதல்ல. அவனுடைய கூலியைப் பிடுங்கிக் கடவுளுக்குக் கொடுப்பதாகும். "வரப்பிரசாதம், பிறவி ஞானம்" என்று பாடகரைப் புகழ்கின்ற நம் ரசிகர்களும் இதை யோசிக்க வேண்டும். பிறவியிலேயே வருமென்றால் நம் பிள்ளைகள் எதற்குப் பழக வேண்டும்? வராத ஜாதிக்கு வராது என்று நாளைக்கு ஒருவன் சொன்னால் என்ன பதில் சொல்லுவீர்கள்?

ரசனைக்குள் ஒளிந்திருக்கும் ஜாதி

"எனக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, இதில் ஜாதி எங்கே வந்தது?" என்று சிலர் கேட்கலாம். 1979ஆம் வருஷம் ஜூலை 12ந்தேதி சிக்காகோவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பந்தாட்ட மைதானம் ஒன்றில், ஒரு "டிஸ்கோ" தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கட் என்று அறிவித்தார்கள். டிஸ்கோ என்பது கறுப்பு மக்களும், ஸ்பானிய மொழி பேசும் ஏழை மக்களும், ஆணை விரும்பும் ஆண்களும் கூடி ஆடி வளர்த்த பாட்டு. சுமார் 50,000 பேர் சேர்ந்தார்கள். தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து அழிம்பு செய்தது. அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. நடத்தினவர்கள், "இதில் நிறவெறி ஒன்றுமில்லை, வேடிக்கை" என்றார்கள். ஆனால் அன்று அங்கே வேலை பார்த்த கறுப்பு வாலிபர் ஒருவர், டிஸ்கோ அல்லாத மற்றக் கறுப்புப் பாடகர்களின் தட்டுகளும் அந்தக் குவியலுக்கு வந்தன என்று பிற்காலத்தில் சொன்னார். பிடிக்காத பாட்டானால் கேட்காமல் இருக்கலாம், வெடி வைப்பானேன்? கறுப்பர் பாட்டு என்பதற்காகவே கொண்டுவந்தார்களென்றால், அவர்கள் வெறுத்தது தாளத்தையா, அதைக் கொட்டிய கையையா?

இது எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் வெடி வைக்கவில்லை, நாசூக்காக நடந்தது. தமிழ்நாட்டுச் சபைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் கச்சேரி, தமிழ்ப் பாட்டுக் கடைசியில் பாடுகிற துக்கடா என்றிருந்தபோது, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டது. உடனே பெரிய ரசிகர்கள் என்பவர்கள், "இசைக்கு மொழி ஏது?" என்று கிளம்பினார்கள். மொழி முக்கியமில்லையென்றால் தமிழில் பாடுவதில் என்ன நஷ்டம் என்று கேட்டதற்கு மாத்திரம் பதிலில்லை. ரசனை என்று சொல்லப்பட்டது காதில் இல்லை, பூணூலில் இருந்தது. ஆதலால் "இது உயர்ந்த பாட்டு, அது மட்டமான பாட்டு" என்று யார் சொன்னாலும், எந்தக் காரணத்தால் என்று கேளுங்கள். காரணம் பாட்டுக்குள் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பாடுகின்றவனுடைய பிறப்பிலும், கேட்கின்றவனுடைய பிறப்பிலும் இருந்தால் அதற்குப் பேர் ரசனையல்ல.

புது உண்டியல்

பக்தி உள்ள இடத்தில் உண்டியல் இல்லாமலிராது. கொரியா தேசத்துக் கோஷ்டிகளின் தட்டு விற்பனையைப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் கோஷ்டியார் ஒருவரின் சிறு படம் வைத்து மூடியிருக்கும். எவர் படம் என்பது பிரித்தால்தான் தெரியும். தனக்கு வேண்டிய படம் கிடைக்கும்வரை ஒருவனே பத்து, இருபது, நூறு என்று வாங்குகிறான். கோஷ்டியாரை நேரில் பார்க்கின்ற அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் வாங்கின தட்டு ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. 2023இல் செவன்டீன் என்னும் கோஷ்டியின் ஒரே வெளியீடு 60 லட்சத்துக்கு மேல் விற்றது. 2024இல் அதே கோஷ்டியின் தட்டுகள் டோக்கியோ நகரத்து ஷிபுயா வீதியில் பெட்டி பெட்டியாக எறியப்பட்டுக் கிடந்ததை ஊரார் படம் பிடித்தார்கள். கேட்பதற்கு ஒரு தட்டுப் போதும். கும்பிடுவதற்குத்தான் நூறு வேண்டும்! சாமிக்கு உடைத்த தேங்காயையாவது பொறுக்கித் தின்னலாம். இது தெருவில் குப்பையாகக் கிடக்கின்றது. லாபமோ கம்பெனி முதலாளிக்கு. தட்டு வாங்க அப்பன் சம்பாத்தியத்தை வாங்குகின்ற பிள்ளை, தன் கோஷ்டியின் விற்பனைக் கணக்கைச் சொல்லி மார்தட்டுகிறான். தன் பை காலியானதைத் தன் வெற்றியாக எண்ணுகின்ற பைத்தியத்தைப் பக்தியைத் தவிர வேறெது உண்டாக்கும்?

லீலையும் விதியும்

பணம் போனால் போகட்டும். மானமும் உயிரும் போகின்றதற்கு என்ன சொல்லுவது?

அமெரிக்காவில் ஆர். கெல்லி என்று பேர்பெற்ற பாடகர் ஒருவர். 1994இல் அவர் 15 வயதுப் பெண்ணொருத்தியைக் கலியாணம் செய்துகொண்டார். பத்திரத்தில் வயது 18 என்று பொய்யாக எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் சிறு பெண்களைக் கெடுத்ததாகப் புகார்கள் வந்து கொண்டேயிருந்தன. 2008இல் ஒரு வழக்கில் விடுதலையானபோது கோர்ட் வாசலில் ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். தட்டுகள் விற்றன, கச்சேரிகள் நடந்தன. 2021 செப்டம்பரில்தான் நியூயார்க் கோர்ட்டில் குற்றம் ருசுவாகி, 2022 ஜூனில் 30 வருஷத் தண்டனை கிடைத்தது. அதாவது முதல் கலியாணப் பொய்யிலிருந்து 27 வருஷம் கழித்து! அத்தனை காலமும் புகார் சொன்ன பெண்களை, அவர்களில் அநேகர் ஏழைக் கறுப்புப் பெண்கள், பொய்க்காரிகள் என்றும் பணத்தாசைக்காரிகள் என்றும் ஏசினவர்கள் யார்? "இப்படிப் பாடுகிறவர் அப்படிச் செய்வாரா?" என்று கேட்ட ரசிகர்கள் அல்லவா?

கோபிகைகளின் சேலையைத் திருடினவன் சாமானிய மனிதனானால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள். கிருஷ்ணன் என்றால் லீலை என்று பஜனை செய்வார்கள். பாடகனைக் கடவுளாக்கினால் அவன் குற்றமும் லீலையாகிவிடும். நன்றாகப் பாடுவது தொண்டையின் திறமை. யோக்கியனாக நடப்பது வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஜாமீனாகாது. இங்கேயும் பாடகர்கள்மேலும் பாட்டெழுதுகிறவர்கள்மேலும் பெண்கள் புகார் சொன்னால், விசாரணை நடப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணின் யோக்கியதையை விசாரிக்கக் கிளம்புகின்ற ரசிகர்களைப் பார்க்கிறோம். புகார் உண்மையா பொய்யா என்பதைச் சாட்சியம் சொல்லட்டும். பாட்டு சாட்சி சொல்ல முடியாது.

உயிர் போகின்ற கதையும் அப்படியே. 1979 டிசம்பர் 3ந்தேதி சின்சினாட்டி நகரத்தில் "தி ஹூ" கோஷ்டியின் கச்சேரிக்கு, முந்தினவனுக்கு முன்னிடம் என்று டிக்கட் விற்று, சில கதவுகளை மட்டும் திறந்ததால் 11 பேர் நெரிபட்டு மாண்டார்கள். 2021 நவம்பர் 5ந்தேதி ஹூஸ்டன் நகரத்தில் டிராவிஸ் ஸ்காட் கச்சேரியில் 10 பேர் மாண்டார்கள். அதில் ஒரு குழந்தைக்கு வயது 9. முதலாவதற்குக் காரணம் கதவு. இரண்டாவதற்குக் காரணம் நெருக்கடி. ஆனால் ஹூஸ்டன் சம்பவத்துக்கு உடனே என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? அது சாத்தானுக்குக் கொடுத்த பலி என்று வதந்தி பரப்பினார்கள்! கும்பகோணம் மகாமகத்தில் 1992இல் நெரிபட்டுச் செத்தவர்களுக்கு மோட்சம் என்று சொன்னவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சாத்தான் என்றும் விதி என்றும் சொல்லிவிட்டால், எத்தனை வாசல் வைத்தாய், எத்தனை பேருக்கு டிக்கட் விற்றாய், தண்ணீர் எங்கே, வைத்தியர் எங்கே என்று நடத்தினவனை யார் கேட்பது?

அறிவுள்ள ரசிகர்களும் உண்டு

நிற்க, ரசிகர் எல்லோருமே இப்படி என்று நாம் சொல்லவில்லை. வழிகாட்டியான ரசிகர்களும் இருந்திருக்கிறார்கள். 1976 ஆகஸ்டு 5ந்தேதி பர்மிங்காம் நகரத்தில் எரிக் கிளாப்டன் என்னும் பெரிய கிட்டார்க்காரர், மேடையிலேயே, வெளிநாட்டிலிருந்து வந்த கறுப்பு மக்கள் இங்கிலாந்தைவிட்டுப் போக வேண்டும் என்று பேசினார். அவர் வாசித்ததோ கறுப்பு மக்கள் உண்டாக்கின பாட்டு! இரண்டு வருஷத்துக்கு முன்தான் பாப் மார்லி என்னும் கறுப்புப் பாடகரின் பாட்டைப் பாடிப் பெரும் பேர் வாங்கியிருந்தார். உடனே ரசிகர்கள் சிலர், "உங்கள் பாட்டில் பாதி கறுப்பர் கொடுத்தது, யாரைப் போகச் சொல்லுகிறீர்?" என்ற கருத்தில் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து நிறவெறிக்கு எதிரான ராக் இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30ந்தேதி லண்டனில் பல பதினாயிரம் வாலிபர்கள் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவரை ஊர்வலம் போய்ப் பாட்டுக் கேட்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் பாடினார்கள். அந்தக் கடிதம் எழுதினவர்கள் பாட்டை வெறுத்தவர்களல்ல; பாட்டை விரும்பினதாலேயே பாடகனைத் தட்டிக் கேட்டார்கள்.

கொரியாவின் பி.டி.எஸ். கோஷ்டியாரும் அவர்கள் கம்பெனியும் 2020 ஜூனில், அமெரிக்காவில் கறுப்பு மக்களின் உயிருக்காகப் போராடுகின்றவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஒரு நாள் அளவுக்குள் ரசிகர்களும் தங்களுக்குள் வசூலித்து அதே தொகையைக் கொடுத்தார்கள். படச்சீட்டுக்குப் போகின்ற பணம் இப்படிப் போனால் எவ்வளவு காரியம் நடக்கும்! ஆகவே கூட்டமாகச் சேருவது குற்றமல்ல. கேள்வி கேட்காமல் சேருவதே குற்றமாகும்.

நாம் செய்ய வேண்டியது

வாலிபத் தோழர்களே! பெண்மணிகளே! உங்களிடம் நாம் வேண்டுவது பெரிய காரியமல்ல. எந்தப் பாட்டையும் பேரை மறந்துவிட்டுக் கேளுங்கள். பிடித்தால் ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் அஞ்சாமல் சொல்லுங்கள். நேற்று நன்றாகப் பாடினவர் இன்று மோசமாகப் பாடினால், மோசம் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கட்டும். எதிர்க் கோஷ்டியின் நல்ல பாட்டை நல்ல பாட்டு என்று சொல்ல உங்களுக்கு மனம் இருக்கட்டும். பாடினவனுக்கும், வாசித்தவனுக்கும், எழுதினவனுக்கும் நியாயமான கூலியைக் கொடுங்கள், காணிக்கை கொடுக்காதீர்கள். அவர் குற்றம் செய்தால் மற்ற மனிதனைக் கேட்பதுபோலவே கேளுங்கள். அவர் பேரால் இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஆயிரம் கடவுள்களைச் சுமந்து முதுகு வளைந்த சமூகம் இது. அவற்றை இறக்கி வைக்க நாம் பாடுபடும் காலத்தில், மேடையிலே விளக்கொளியில் நிற்பவரை ஆயிரத்தொன்றாவது கடவுளாக்கி அந்த முதுகில் ஏற்றாதீர்கள். பாட்டு மனிதன் உழைப்பால் உண்டானது. மனிதனாகவே நிமிர்ந்து உட்கார்ந்து அதைக் கேளுங்கள்.